வலி வளியான கதை

கம்ப்யூட்டரில் எழுதிப் பிழைப்பவர்களுக்குப் பிடிக்காத நிறம் நீலம். எழுதிக்கொண்டிருக்கும் பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் மறையும். திரை முழுக்க நீலம் பரவும். மேலே ஓரத்தில் முகம் தொங்கிப்போன ஒரு பொம்மை. 'உங்கள் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, மறுபடியும் துவக்க வேண்டியிருக்கிறது' என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், யாருக்கும் புரியாத ஒரு சங்கேதச் சொல். பிறகு அதுவே அணைந்து, அதுவே எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கும். சேமிக்காத வரிகள் போனது போனதுதான்.

என் லேப்டாப் 2017-ல் வாங்கியது. எட்டு வருஷம் என்பது மனிதக் கணக்கில் பள்ளிப் பருவம். லேப்டாப் கணக்கில் சஷ்டியப்தபூர்த்தி. 2025 மழைக்காலத்தின் தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு தடவை நீலம் காட்டியது, ஜூலை நடுவில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை என்று முன்னேறிவிட்டது. அப்போது கையில் இருந்த வேலை ஒரு சுகாதாரக் கையேடு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும், எந்த அளவில் மருந்து, எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று கிராமப் பணியாளர்களுக்குச் சொல்வது. ஒரு தொண்டு நிறுவனத்துக்காக இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு. 180 பக்கம், ஒரே ஃபைல். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அச்சுக்குப் போக வேண்டும்.

நான் இருப்பது புனேயின் தெற்கு ஓரமான கோந்த்வாவில். கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்று மராத்திக் கிராமங்களுக்கே உரிய 'சின்னது', 'பெரியது' பாகப்பிரிவினையோடு இருந்த ஊர். இப்போது மலைச்சரிவு வரைக்கும் அடுக்குமாடி. வங்கி அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசிய நிறுவனத்தின் பெயரில் ஒரு சாலை, ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்களின் சாலுங்கே விஹார், எந்த நேரமும் சிமென்ட் கலவை லாரிகள். ஜன்னலைத் திறந்தால் தூசு, மூடினால் புழுக்கம். ஜூலையில் சுவரே வியர்க்கும். எலெக்ட்ரானிக் சாமான்களுக்கு ஆகாத சீதோஷ்ணம்.

காய்ச்சல் வந்தவருக்கும் கம்ப்யூட்டர் கெட்டவருக்கும் யோசனை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. வைரஸ் என்றார் ஒருவர். சூடு என்றார் இன்னொருவர். சென்னையில் இருக்கும் தம்பி போனில், "அக்கா, அதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. வின்டோஸ் 10-க்கு அக்டோபரோட காரியம் முடிஞ்சுது. உன் மிஷின்ல 11 ஏறாது" என்றான். அவன் சொன்னது சரிதான். மைக்ரோஸாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி வின்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஏழாம் தலைமுறை இன்டெல் சில்லு உள்ள என் லேப்டாப்பை வின்டோஸ் 11 வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள், கையேட்டுக்குப் பணம் வரும் முன்னால் புது லேப்டாப் வாங்க முடியாது என்பது தம்பிக்குத் தெரியாது. அவனுக்கு மாதச் சம்பளம்.

முதலில் போன கடையில் ஒரு இளைஞர், கேள்வி எதுவும் கேட்காமல், எல்லாவற்றையும் அழித்து வின்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு நீலம். திரும்பக் கொண்டுபோனபோது, "மதர்போர்டு போச்சு மேடம்" என்றார். மூடியைக்கூடத் திறக்கவில்லை.

அதன் பிறகு நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, நேரம், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன், திரையில் வந்த சொல். ஒன்பது நாளில் பதினோரு தடவை. முதல் முறை 'மெமரி மேனேஜ்மென்ட்'. அடுத்தது 'ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. பிறகு 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா'. பிறகு 'சிஸ்டம் சர்வீஸ் எக்செப்ஷன்'. நடுவில் மறுபடி முதலாவது. ஒவ்வொரு முறை விழும்போதும் வின்டோஸ் 'மினிடம்ப்' என்ற பெட்டியில் ஒரு சின்ன மரண வாக்குமூலம் எழுதி வைக்கிறது. அதைப் படிக்க இலவசமாகவே மென்பொருள் கிடைக்கிறது. படித்தேன். ஒரு தடவை குற்றவாளி வைஃபை டிரைவர். ஒரு தடவை திரைப்படத்தைக் காட்டும் பகுதி. ஒரு தடவை வின்டோஸின் மூலக்கருவே. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. படித்தது தமிழ் எம்.ஏ. ஆனால் இந்த இடத்தில் அது உதவியது. பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் பாடபேதம் பார்க்கும் முறையை எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். பல ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை எல்லாவற்றுக்கும் மூலமான ஏட்டை எழுதியவர் அங்கே தவறியிருக்கிறார் என்று அர்த்தம். ஒரே ஏட்டில், ஒழுங்கே இல்லாமல், ஓரிடத்தில் ஓர் எழுத்தும் இன்னோரிடத்தில் ஒரு சீரும் காணாமல் போயிருந்தால் எழுதியவரைச் சந்தேகிக்க வேண்டாம். ஏட்டைச் செல் அரித்திருக்கிறது. என் நோட்டில் இருந்தது இரண்டாவது வகை. மென்பொருளில் பிழை இருந்தால் அதே பெயர் திரும்பத் திரும்ப வந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்றால் எழுதப்படும் பரப்பே கெட்டிருக்க வேண்டும்.

முதல் வகைக்கு உலகம் மறக்காத உதாரணம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அன்று நம் நேரப்படி காலை 9.39-க்கு உலகெங்கும் ஒரு சின்னத் திருத்தத்தை அனுப்பியது. அதை வாசிக்கும் மென்பொருள் வைத்திருந்தது 20 விவரம்; திருத்தம் கேட்டது 21-ஆவதை. இல்லாத இடத்தில் கை நீட்டியது, விழுந்தது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலமாயின. 78 நிமிஷத்தில் திருத்தத்தை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆனால் விழுந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றின் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்து, கையால் அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் அன்று பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அத்தனை இயந்திரத்திலும் ஒரே ஃபைல், ஒரே பிழை.

நீலத் திரையைப் பற்றி ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இது வின்டோஸ் தடுக்கி விழுவதல்ல, வேண்டுமென்றே உட்கார்ந்துவிடுவது. கம்ப்யூட்டரின் மூலக்கரு தன் கணக்குப் புத்தகங்களை ஓயாமல் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது. எங்கோ ஒரு தொகை இடித்தால், அதற்கு மேல் எழுதினால் நல்ல கணக்கும் கெட்டுவிடும் என்று புத்தகத்தை மூடிவிடுகிறது. 1993-ல் வந்த வின்டோஸ் என்.டி.க்காக இந்தத் திரையை எழுதியவர் ஜான் வெர்ட் என்ற புரோகிராமர். அவர் அப்போது பயன்படுத்திய இயந்திரமும் எடிட்டரும் நீலத்தில் வெள்ளை எழுத்து காட்டுபவை. நிறத்துக்கு அதைத் தவிர வேறு தத்துவம் எதுவும் இல்லை. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் செருகியதும் வின்டோஸ் 98 எல்லார் முன்னாலும் நீலமானது தனிக் கதை. 2025-ல் வின்டோஸ் 11-ல் நீலத்தை எடுத்துவிட்டுக் கறுப்பாக்கிவிட்டார்கள். தொங்கிய முகமும் போய்விட்டது. எனக்கு அந்த முகம் போனதில் வருத்தமில்லை.

எங்கள் தெருமுனையில் ஓர் அப்பாவும் மகனும் நடத்தும் ரிப்பேர் கடை உண்டு. அப்பாவை எல்லாரும் சாச்சா என்பார்கள். ரேடியோ காலத்து ஆள். நோட்டை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பதினோரு வரியையும் படித்தார். "ரேம்" என்றார். அவ்வளவுதான்.

மூடியைத் திறந்தார். விசிறியில் கோந்த்வாவின் கட்டுமான வளர்ச்சி முழுவதும் சாம்பல் நிறத்தில் அடைந்து கிடந்தது. அதை ஊதித் தள்ளினார். மெமரித் துண்டுகள் இரண்டு, தலா 4 ஜி.பி. கழற்றி, அவற்றின் தங்க நிற விளிம்பைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் தேய்த்தார். இந்தியா முழுவதும் ரிப்பேர் கடைகளில் நடக்கும் வைத்தியம் இது. ஈரத்தில் விளிம்பில் படியும் அழுக்கு போனாலே பாதி கேஸ்கள் சரியாகிவிடும் என்றார். என் கேஸ் மீதிப் பாதி. நாலு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் நீலம். ஆனால் சாச்சா அதற்கும் தயாராக இருந்தார். "இருங்க, விசாரணை பண்ணுவோம்."

வின்டோஸோடு வரும் மெமரிச் சோதனை எல்லாம் நலம் என்று சொல்லியிருந்தது. அதை நம்ப வேண்டாம், மேம்போக்காகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும் என்று சொல்லி, மகன் ஒரு பென்டிரைவில் மெம்டெஸ்ட் என்ற மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். இது வின்டோஸைத் தூங்கவைத்துவிட்டுத் தனியாக ஓடும். மெமரியின் ஒவ்வொரு அறையிலும் ஒரு எண்ணை வைத்து, திரும்பப் போய் அது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். இரவு முழுக்க ஓடும். முதல் இரவு முதல் துண்டை மட்டும் செருகி ஓட விட்டேன், பிழையில்லை. மறுநாள் அதே பள்ளத்தில் இரண்டாவது துண்டு. காலையில் எழுந்து பார்த்தால் சிவப்பு வரிகள். எதிர்பார்த்தது என்று ஒரு பத்தி, கிடைத்தது என்று ஒரு பத்தி. நீளமான இரண்டு எண்களிலும் ஒரே ஒரு இலக்கம்தான் வேறுபட்டது. ஒவ்வொரு வரியிலும் அதே முகவரி, அதே இலக்கம். சுழியம் வைத்தால் ஒன்று வருகிறது. ஒன்று வைத்தால் ஒன்றுதான். 4 ஜி.பி. என்றால் மூவாயிரத்து நானூறு கோடிக்கு மேல் பிட்டுகள். அதில் ஒன்று மட்டும் விறைத்துப்போய் 'ஒன்று' என்றே நின்றிருந்தது.

கல்யாணப் பந்தியில் கால் ஒடிந்த நாற்காலி ஒன்று இருந்தால் யார் வந்து உட்கார்ந்தாலும் விழுவார்கள். ஒரு பந்தியில் மாமா, அடுத்த பந்தியில் போட்டோகிராபர். விழுந்தவர் மேல் குற்றமில்லை. வைஃபை டிரைவரும் படம் காட்டும் பகுதியும் அப்படித்தான் என் நோட்டில் பெயர் வாங்கியிருக்கின்றன.

காரணம் தெரிந்த நிம்மதி அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை. அந்த நாற்காலியில் மூலக்கரு உட்கார்ந்தபோதெல்லாம் விழுந்தது எனக்குத் தெரிந்தது; பதினோரு தடவை நீலம் பார்த்தேன். என் கையேட்டின் ஒரு வரி அதில் உட்கார்ந்திருந்தால்? வின்டோஸ் தன் கணக்கைத்தான் சரிபார்க்கும். என் வாக்கியத்தைச் சரிபார்க்காது. ஒரு எழுத்து மாறும். ஃபைல் அப்படியே சேமிக்கப்படும். திரை நீலமாகாது.

எந்த எழுத்து எதுவாக மாறும்? யூனிகோடு அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். அந்த எண்ணில் ஒரு பிட் புரண்டால் வேறு எழுத்து. ககரத்தில் ஒரு குறிப்பிட்ட பிட் புரண்டால் அகரம்: கண்ணன் அண்ணனாகிவிடுவான். பகரத்தில் இன்னொன்று புரண்டால் மகரம்: பணம் மணமாகும். இவை வேறு இடத்துப் பிட்டுகள். என் துண்டில் விறைத்திருந்ததோ கடைசி பிட். இரட்டைப்படை எண்ணை அடுத்த ஒற்றைப்படை ஆக்குவது. அட்டவணையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ரகரத்துக்கு அடுத்த எண் றகரம். லகரத்துக்கு அடுத்தது ளகரம். நகரத்துக்கு அடுத்தது னகரம். மூன்று ஜோடியிலும் முதலாவது இரட்டைப்படை. தமிழாசிரியர்கள் ஆயுள் முழுவதும் சிவப்பு மையால் திருத்தும் மயங்கொலி எழுத்துகளை ஒரே ஒரு பிட் பிரித்து வைத்திருக்கிறது. மரம் மறமாகும், அரம் அறமாகும், தலை தளையாகும். எல்லாமே அகராதியில் இருக்கும் சொற்கள். எழுத்துப் பிழை பார்க்கும் எந்த மென்பொருளும் வாய் திறக்காது.

இது நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பாடாக 1980-களில் உருவான இஸ்கி தரத்தைப் பின்பற்றி யூனிகோடு அட்டவணை போட்டபோது, தேவநாகரியில் எந்தக் கட்டமோ தமிழுக்கும் அதே கட்டம் என்று வைத்தார்கள். மராத்தியில் டிளக் என்று எழுதும்போது வரும் ளகரமும் நம் ளகரமும் தத்தம் அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இஸ்கியைக் கம்ப்யூட்டர்களில் பரப்பிய சி-டாக் நிறுவனத்தின் தலைமையகம் இதே புனேதான். என் வீட்டிலிருந்து ஒரு ஆட்டோ தூரம்.

எழுத்துகூடப் பரவாயில்லை. எண்கள்? 0, 1 ஆகும். 2, 3 ஆகும். 4, 5 ஆகும். வயிற்றுப்போக்குக்குத் துத்தநாக மாத்திரை 20 மி.கி., 14 நாள் என்று கையேட்டில் இருக்கிறது. 20 என்பது 30 ஆனால் படிப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. அச்சில் இருப்பதை நம்பிக் கொடுப்பார். பெரிய நிறுவனங்களின் ஸர்வர்களில் இதற்குக் காவல் உண்டு. ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் கூடுதலாக வைத்து, ஒன்று புரண்டால் கண்டுபிடித்துத் திருத்திவிடும் மெமரி அது. சாதாரண லேப்டாப்பில் அந்தச் செலவை யாரும் செய்வதில்லை. மருந்து அளவு எழுதுகிறவர்கள் சாதாரண லேப்டாப்பில்தான் எழுதுகிறார்கள்.

தொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். பிறகு செய்தது பழைய அச்சுக்கூட வேலை. அந்தக் காலத்தில் புரூஃப் திருத்துபவர் ஒருவர், பக்கத்தில் மூலத்தை உரக்கப் படிக்க ஒருவர் என்று இரண்டு பேர் உட்காருவார்கள். நல்லவேளையாக மே மாதம், தொல்லை தொடங்கும் முன், பாதிக் கையேட்டை அச்செடுத்து வைத்திருந்தேன். மீதிக்கு இங்கிலீஷ் மூலம் இருந்தது. சாலுங்கே விஹாரில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் தென்காசிக்காரர். லகரமும் ளகரமும் அவர் வாயில் கத்தரித்தாற்போல் விழும். படிக்க அவரைக் கூப்பிட்டேன். மூன்று மாலை நேரம். வயிற்றுப்போக்கு பற்றிய குறிப்புகளை அணிவகுப்புக்கு ஆணையிடுவது போலப் படித்தார். எண்களை மட்டும் இரண்டு தடவை: "இருபது. ரெண்டு, சைபர். அடுத்தது சொல்லவாம்மா?"

எண் ஒன்றுகூட மாறியிருக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள், 61-ஆம் பக்கத்தில், அவர் கையில் இருந்த மே மாதத் தாளில் 'வயிற்று வலி'. என் திரையில் 'வயிற்று வளி'. அந்தப் பக்கத்தை நான் மே மாதத்துக்குப் பிறகு தொட்டதே இல்லை. தொடத் தேவையும் இல்லை. ஃபைலைத் திறக்கும்போது 180 பக்கமும் மெமரிக்குள் போகிறது, சேமிக்கும்போது மொத்தமாக வெளியே வருகிறது. இதற்கு அந்த ஒரு பிட்தான் காரணம் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் கடைசி பிட் புரண்டால் என்ன வருமோ சரியாக அதுதான் வந்திருந்தது. வினோதம் என்னவென்றால் வாக்கியம் கெடவே இல்லை. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்று மூன்று உண்டே. வயிற்றில் வளி இருந்தால் குழந்தை அழத்தானே செய்யும். ஆனால் அது வலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று சொல்ல வேண்டிய வரி.

"பிடிச்சுட்டோம்" என்றார் ராணுவ அதிகாரி. காப்பியை முடித்துவிட்டு 62-ஆம் பக்கத்தைத் திருப்பினார்.

இரண்டாவது துண்டுக்குப் பதிலாக, உடைந்துபோன வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்த 4 ஜி.பி. துண்டை சாச்சா போட்டுக் கொடுத்தார். 800 ரூபாய். இரண்டு இரவு சோதனை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் வாங்கினார். அந்த வருஷக் கடைசியில், ஏ.ஐ. மையங்கள் உலகத்து மெமரியை எல்லாம் வாரிக்கொண்டு போய் விலை எக்கச்சக்கமாக ஏறியபோது, அந்த 800 ரூபாயை நினைத்து மனசுக்குள் அவருக்கு இன்னொரு சலாம் வைத்தேன். கையேடு ஆகஸ்ட் பாதியில் அச்சுக்குப் போனது.

கெட்ட துண்டை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். சாச்சா தலையை ஆட்டினார். மூவாயிரத்து நானூறு கோடியில் ஒன்றுதானே கெட்டிருக்கிறது, மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், என்றைக்காவது ஒருநாள் பழைய சாமான்காரன் கைக்குப் போய், அங்கிருந்து இன்னொருவர் லேப்டாப்புக்குள் போகும் என்றார். அப்படி வந்ததைப் பார்த்திருக்கிறாராம். மேஜை விளிம்பில் வைத்து இடுக்கியால் அழுத்தி அதை இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியை என்னிடம் கொடுத்தார்.